பனி விழுந்தாத்தான் அவரை பூக்கும்

ஜூலை மாசம் நியூஜெர்சியில எங்க வீட்டுப் பின்பக்கம் அவரைக் கொடி போடுற ஆட்டத்தைப் பார்க்கணுமே! வேலி, தக்காளிக்கு நட்ட குச்சி, பக்கத்து வீட்டு மரம்னு எதையும் விட்டு வைக்காது. இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். பூ மட்டும் மூச்! ஆகஸ்ட் போகும், செப்டம்பரும் போயிடும். அப்புறம் ஒருவழியா மனசு வந்து பூ வைச்சு, நாலு பிஞ்சு இறங்குற நேரத்துல ஒரு ராத்திரி உறைபனி விழும். காலையில பார்த்தா மொத்தக் கொடியும் வெந்த கீரை மாதிரி தொங்கும்.

விதை அம்மாவோடது. பட்டை அவரை, ஓரத்துல ஊதாக் கோடு போட்டிருக்கும். தஞ்சாவூர் வீட்டுக் கொல்லையில கிணத்தடிப் பந்தல்ல காய்ச்சது. அம்மா கல்யாணமாகி வந்தப்போ பாட்டி வீட்டுலேர்ந்து கூடவே வந்த விதையாம். 2018ல இங்க வந்தப்போ ஒரு பழைய மாத்திரை டப்பாவுல சாம்பல்ல புரட்டிக் கொண்டுவந்தாங்க.

ரெண்டு வருஷம் போட்டேன், ரெண்டு வருஷமும் இதே கதை. ஃபோன்ல அம்மா விசாரணைக் கமிஷன் வைப்பாங்க. "ஏன்டி, தண்ணிய ஊத்தோ ஊத்துன்னு ஊத்திட்டியா? எருவ அள்ளிப் போட்டா இலைதான் வரும், காய் வராது. பனி விழட்டும், பூத்துரும். பனி விழுந்தாத்தான் அவரை பூக்கும்."

"இங்க பனி விழுந்தா செடியே செத்துரும்மா. விதைதான் உளுத்துப்போன விதை"ன்னு எரிச்சல்ல சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, வேற விதை வாங்கிப் போட்டுக்க"ன்னாங்க. அதுக்கப்புறம் அவரையப் பத்தி என்கிட்ட கேட்டதே இல்ல. 2021ல போயிட்டாங்க. மறுவருஷம் வீட்டையும் வித்தாச்சு. வாங்கினவங்க முதல் வேலையா கொல்லைக்கு சிமெண்ட் போட்டாங்க.

அண்ணன் பிரிஸ்பேன்ல இருக்கான். 2022 மே மாசம் வீடியோ கால்ல ஒரு கூடை அவரைக்காயக் காட்டி வயித்தெரிச்சலக் கிளப்பினான். அங்கயே ஒரு நண்பர் கொடுத்த விதையாம். நவம்பர்ல விதைச்சானாம். "கோடை பூரா இலைதான். ஏப்ரல்லதான் பூத்துச்சு"ன்னான். (அவன் இருக்கிற குவீன்ஸ்லாந்துல அவரைய மாட்டுத் தீவனமா ஏக்கர் கணக்குல விதைக்கிறாங்க. நாம கூட்டு வைக்கிறத அங்க மாடு சாப்பிடுது!) ஏப்ரல்னா அவனுக்குப் பகல் குறையுற காலம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதிரி. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு.

தேடிப் படிச்சதுல தெரிஞ்சது இதுதான். பந்தல் அவரை பகல் சுருங்கினாத்தான் பூக்கும். சரியாச் சொன்னா அது கணக்குப் பார்க்கிறது ராத்திரியோட நீளத்தை. தஞ்சாவூர்ல வருஷத்துலயே நீளமான பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம், குட்டையான பகல் பதினொன்றரை மணி. வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான், ஆனா கொடிக்கு அது போதும். எங்க ஊர்ல ஜூன் கடைசியில பகல் 15 மணி நேரம். 13க்குக் கீழ இறங்கவே செப்டம்பர் ஆயிடும். அதுக்கப்புறம் பூத்து, காய்ச்சு, முத்துறதுக்குள்ள உறைபனி. அண்ணன் ஊர்ல உறைபனி அபூர்வம், அதனால அவன் கொடிக்கு லேட்டாப் பூத்தாலும் கவலை இல்ல. எந்தக் காலத்துலயும் காய்க்கிற குத்து அவரை ரகம் இருக்கு, அதைப் போட்டா இந்தத் தொல்லையே கிடையாது. ஆனா எனக்கு வேணும்கிறது அந்த ஊதாக் கோடு.

அப்போ அம்மா சொன்னது? பாதி சரி. ஊர்ல பனியும் நீள ராத்திரியும் ஒண்ணாத்தானே வருது! கொடி ராத்திரியப் பார்த்துச்சு, அம்மா பனியப் பார்த்தாங்க.

ஃப்ரிட்ஜ்ல டப்பாவைத் தேடினா மிச்சம் ஒன்பது விதை. 2023 மே கடைசியில அத்தனையும் போட்டேன். நாலு முளைச்சுது. ரெண்டைத் தரையில வச்சேன், ரெண்டைப் பெயிண்ட் வாளியில. 1920லயே கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை எழுதிட்டாங்க. பூக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்ச ஒரு புகையிலைய தினமும் இருட்டுக் கொட்டகையில வச்சுப் பூக்க வச்சாங்களாம். என்கிட்ட கொட்டகைக்கு கராஜ் இருக்கே! ஜூலை நடுவுலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வாளி உள்ள, காலையில எட்டு மணிக்கு வெளிய. கொடி நீளாம நுனியக் கிள்ளிக்கிட்டே இருந்தேன். நடுராத்திரி கொஞ்ச நேரம் லைட் போட்டாலும் செடியோட கணக்கு கெட்டுப்போகும்கிறதால ஸ்விட்சு மேல டேப் ஒட்டினேன். வீட்டுக்காரர் இருட்டுல தடவித்தடவிக் கார் எடுத்தார். கல்யாணமான நாள்லேர்ந்து இவ்வளவு பொறுமைய அவர்கிட்ட நான் பார்த்ததில்ல :-)

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் வாளிச்செடியில மொட்டு. தரையில இருந்த ரெண்டும் வேலிக்கு மேல ஏறி ஆட்டம் போட்டுக்கிட்டிருந்ததே தவிர ஒரு மொட்டு இல்ல. செப்டம்பர்ல பிஞ்சு, ஓரத்துல அதே ஊதாக் கோடு. கூட்டுக்குப் பறிக்க மனசு வரல, அப்படியே முத்த விட்டேன். அக்டோபர்ல நெத்தை உடைச்சு எண்ணினா முப்பத்தோரு விதை.

விதையில ஒரு குறையும் இல்லம்மா.

அதே மாத்திரை டப்பாவைக் கழுவிக் காயவச்சு, சாம்பல்ல புரட்டி உள்ள வச்சிருக்கேன். சாம்பலுக்கு விறகடுப்பு ஏது, பார்பெக்யூ கரிதான்.