பாம்புக்கடிக்கு யார் காசு கட்டணும்?

1/ "என் வரிப்பணத்துல எதுக்கு ஊருக்கெல்லாம் இலவச வைத்தியம்? அவங்கவங்க செலவை அவங்கவங்க பாத்துக்கட்டும்." இந்தக் கேள்வி மாசம் ஒருதடவை டைம்லைன்ல வந்துடுது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசு டாக்டரா, ஒரே ஒரு விஷயத்தை வச்சு பதில் சொல்றேன். பாம்புக்கடி.

2/ கீரமங்கலம், வடகாடு பக்கம் பூ விவசாயம் அதிகம். முல்லையை மொட்டா இருக்கும்போதே பறிச்சாதான் விலை. அதனால விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு தோட்டத்துல இறங்கிடுவாங்க. பாம்பு இரை தேடுற நேரமும் அதுதான்.

3/ கடிபட்டு வந்தா, கண்ணாடி ட்யூப்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வைப்போம். உறையலைன்னா பெரும்பாலும் விரியன் விஷம். விஷமுறிவு மருந்து முதல் டோஸே பொதுவா 8-10 குப்பி. கட்டுவிரியன்னா மூச்சு நின்னு வென்டிலேட்டர் வரைக்கும் போகலாம். கிட்னி பாதிச்சா டயாலிசிஸ். இதுக்கெல்லாம் நம்ம ஜிஎச்ல பில் கிடையாது.

4/ இப்போ "அவங்கவங்க செலவு" கணக்குக்கு வருவோம். இன்சூரன்ஸ் கம்பெனி லாஜிக்ல, ஆபத்து யாருக்கு அதிகமோ அவங்களுக்குத்தான் பிரீமியம் அதிகம். அப்போ நாட்டுலயே அதிகமா கட்ட வேண்டியது யாரு? பூ பறிக்கிற அக்காவும் நாத்து நடுற ஆத்தாவும். கூலி கம்மியா வாங்குறதும் அவங்கதான்.

5/ அந்தப் பூ உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வருது. அந்த அரிசி உங்க தட்டுக்கு வருது. பலன் எல்லாருக்கும், ஆபத்து மட்டும் அவங்களுக்கா? செலவைப் பொதுவுல போடுறது தர்மம் இல்லைங்க, நியாயமான கணக்கு.

6/ அவங்க வரி கட்டலைன்னும் சொல்லாதீங்க. சோப்பு, போன் ரீசார்ஜ், வண்டிக்குப் பெட்ரோல் எல்லாத்துலயும் வரி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரசு கட்டுற பிரீமியத்துலயும் அவங்க காசு இருக்கு.

7/ ஒரு அம்மா. கையில கடி. மொதல்ல போன தனியார் ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கேட்டிருக்காங்க. மகன் தோட்டை அடகு வைக்க ஓடியிருக்கான். நம்மகிட்ட வரும்போது மூணு மணி நேரம் போயிருச்சு. பிழைச்சுட்டாங்க, ஆனா ரெண்டு வாரம் டயாலிசிஸ். "மொதல்லயே இங்க வந்திருந்தா இது வந்திருக்காதா சார்?"ன்னு மகன் கேட்டான். உறுதியா ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல.

8/ விஷம் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் மருந்து நல்லா வேலை செய்யும். ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னியை அது சரி பண்ணாது. காசுக்கு அலையிற நேரமும் உயிர்ல கழியிற நேரம்தான்.

9/ தேசிய சுகாதாரக் கணக்குப்படி, 2013-14ல மருத்துவத்துக்கு ஆகுற 100 ரூபாயில 64 மக்கள் கைக்காசு. 2021-22ல 39. குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா அந்த 39 பல வீட்டுல தோடா, ஆடா, வட்டிக்கடனாத்தான் வருது.

10/ வரி கட்டுறவங்க கேள்வி கேக்கணும். நிச்சயமா கேளுங்க. "எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கா? ராத்திரி டூட்டிக்கு ஆள் இருக்கா?" இப்படிக் கேட்டா உங்க பணத்துக்கும் மரியாதை, அந்த அக்கா உயிருக்கும் மரியாதை.

11/ கடைசியா, பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம 108 கூப்பிடுங்க. நேரா ஜிஎச் வாங்க. பர்ஸைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க.