பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: இளவரசன் சண்டை கற்றுக்கொண்ட கதை

சினிமாவில் முதல் பாகம் ஓடினால் இரண்டாம் பாகம் எடுப்பார்கள், அது பெரும்பாலும் முதல் பாகத்தின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் ஓயும். கேம்களில் கதை கொஞ்சம் வேறு. முதல் பாகத்தில் எது மொக்கை என்று ஆடினவர்கள் கத்தித் தீர்த்திருப்பார்கள். செய்தவர்கள் அதைக் கேட்டு, பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு ஓட்டைகளை அடைக்கலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும்போது வேறு எதையாவது உடைக்காமல் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 2003-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்', அடுத்த வருடமே (2004) வந்த 'வாரியர் விதின்'. இரண்டுமே யூபிசாஃப்ட் மான்ட்ரியல் ஸ்டுடியோ செய்தவை.

(இன்னும் ஆடாதவர்கள் கவனிக்க: கீழே இரண்டின் கதையும் உடைபடும்.)

முதலில் சாண்ட்ஸ். பெயர் சொல்லாத ஒரு பாரசீக இளவரசன், அப்பா ஷாராமன் ராஜாவோடு சேர்ந்து இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையைச் சூறையாடுகிறான். மகாராஜாவின் மந்திரி காட்டிக்கொடுத்ததால்தான் அரண்மனையே விழுகிறது. அங்கே இளவரசன் கையில் கிடைப்பது காலத்தின் குறுவாள். பிறகு அஸாத் என்ற ஊரில் அதே மந்திரி பேச்சைக் கேட்டு, ஒரு பெரிய மணல்கடிகாரத்தைத் திறந்துவிடுகிறான். உள்ளே இருந்த மணல் வெளியே வந்து அரண்மனையில் இருந்த அத்தனை பேரையும் மணல் பிசாசுகளாக மாற்றிவிடுகிறது. தப்பியது மூன்றே பேர்: மந்திரி, இளவரசன், மகாராஜாவின் மகள் ஃபாரா. (இந்திய மகாராஜா பொண்ணுக்கு ஃபாரான்னு யார் பேர் வெச்சாங்களோ!)

இந்த கேமின் உயிர் சுவரில் ஓடுவதும் தூணில் தாவுவதும்தான். தவறி விழுந்தால் குறுவாளின் பட்டனை அழுத்திப் பிடித்துக் காலத்தைப் பின்னால் ஓட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு வசதிக்காகவே இன்றைக்கும் பேசப்படுகிறது. தாவி ஏறி ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழைவீர்கள். கதவு மூடும். மணல் பிசாசுகள் முளைக்கும். அங்கேதான் கொட்டாவி வர ஆரம்பிக்கும்.

சண்டை நடக்கும் விதம் இதுதான். எதிரியின் தோளில் கை வைத்து, அவன் தலைக்கு மேலாகக் கரணம் அடித்து, முதுகுப் பக்கம் இறங்கி ஒரு வெட்டு. விழுந்தவன் நெஞ்சில் குறுவாளைக் குத்தி மணலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாமல் விட்டால் எழுந்து வந்துவிடுவான். முதல் பத்து தடவை பிரமாதமாக இருக்கும். ஐம்பதாவது தடவை? சில எதிரிகளிடம் இந்தக் கரணம் பலிக்காது, நடு வானத்திலேயே அடித்துக் கீழே போடுவார்கள். அவர்களுக்குச் சுவரில் உதைத்துப் பாய்ந்து வெட்டுவது என்று இன்னொரு வித்தை. சுவர்ப் பாய்ச்சல் பலிக்காத ஆட்களும் உண்டு, அவர்களிடம் மறுபடி கரணம். ஆகப் பூட்டு இரண்டு, சாவி இரண்டு. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரிந்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, விரல் மட்டும் வேலை செய்யும்.

போதாக்குறைக்கு எதிரிகள் ஒரே தவணையில் வரமாட்டார்கள். நாலு பேரைக் கொன்றால் இன்னும் நாலு பேர் முளைப்பார்கள், எப்போது முடியும் என்று தெரியாது. நடுவில் ஃபாரா வேறு. அவள் வில்லோடு நின்று உதவுவாள், ஆனால் அவள் செத்தாலும் ஆட்டம் காலி. கடைசிப் பகுதியில் ஒரு லிஃப்ட் மேடையில் ஃபாராவையும் காப்பாற்றிக்கொண்டு கும்பலோடு போராட வேண்டும். ஆடியவர்களைக் கேட்டால் கதையை மறந்திருப்பார்கள், லிஃப்டை மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதற்குப் பிறகு ஃபாரா குறுவாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இளவரசனுக்கு ஒரு புதிய வாள் கிடைக்கிறது. ஒரே வெட்டு, எதிரி காலி. மணல் உறிஞ்சும் வேலையே இல்லை. கதைப்படி அதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் சண்டை இழுக்கிறது என்று செய்தவர்களுக்கே தெரிந்துபோய், 'சரி சீக்கிரம் முடிச்சுக்கோ' என்று கொடுத்த மாதிரிதான் இருக்கும் :-)

இப்போது வாரியர் விதின். ஏழு வருடம் கழிகிறது. மணலைத் திறந்துவிட்டவன் சாக வேண்டும் என்பது காலத்தின் விதி. அந்த விதியை நிறைவேற்ற தஹாகா என்ற கறுப்புப் பூதம் இளவரசனைத் துரத்துகிறது. (பாரசீகப் புராணத்தின் அழி தஹாகா மூன்று தலைப் பாம்பு. ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் அதுவே தோள்களில் பாம்பு முளைத்த ஸஹ்ஹாக் என்ற அரசனாக வருகிறது. கேம்காரர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.) மணல் உருவாவதையே தடுத்துவிட்டால் தப்பலாம் என்று இளவரசன் காலத்தின் தீவுக்குக் கப்பல் ஏறுகிறான். ஆரம்பமே நடுக்கடலில், மழையில், கப்பல் தளத்தில் சண்டை.

என்ன மாறியது? ஒரே வரியில் சொன்னால், இளவரசனுக்கு இடது கை முளைத்தது.

சாண்ட்ஸில் இடது கையில் குறுவாள், அதற்கு ஒரே ஒரு வேலை. இங்கே இடது கை காலி. கீழே கிடக்கும் எதையும் எடுத்துக்கொள்ளலாம்: வாள், கோடரி, கதை, குத்துவாள். இரண்டு கையிலும் ஆயுதம் இருந்தால் ஒருவிதமான வெட்டு வரிசை. இடது கை காலியாக இருந்தால் எதிரியைப் பிடித்து இழுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம், தூக்கி அடுத்தவன் மேல் எறியலாம், அவன் ஆயுதத்தையே பிடுங்கலாம். பிடுங்கியதை வீசி எறியவும் செய்யலாம். கோடரியும் கதையும் பலமாக விழும், ஆனால் மெதுவாகத்தான் வரும். குத்துவாளால் வெட்டினால் கொசுக்கடி, எறிந்தால்தான் அதன் அருமை தெரியும்.

முக்கியமான விஷயம், இடது கை ஆயுதம் நிலைக்காது. அடிக்க அடிக்கத் தேய்ந்து கடைசியில் உடைந்து போகும். பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும், தேய்மானக் கணக்கு மாதிரிதான். ஆயுள் முடியும்வரை வைத்து அடிப்பதா, உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் எவன் தலையிலாவது எறிந்து கடைசிப் பைசாவையும் வசூலிப்பதா? ஒவ்வொரு சண்டையிலும் இந்தச் சின்னக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சாண்ட்ஸில் இல்லாமல் போனது இதுதான், சண்டைக்கு நடுவில் முடிவெடுக்க ஏதாவது இருப்பது. இரண்டு சாவிக்குப் பதில் ஒரு பட்டறையையே திறந்துவிட்டார்கள்.

இன்னொரு பெரிய மாற்றம் இடம். சாண்ட்ஸில் மண்டபம் என்பது சண்டைக்குச் சும்மா ஒரு மேடை. பயன்படும் பொருள் சுவர் ஒன்றுதான். தாவும்போது ஒரு கேம், சண்டை போடும்போது வேறு கேம் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். வாரியர் விதினில் தூணைப் பிடித்துச் சுற்றிச் சுழன்று சுற்றி நிற்பவர்களை வெட்டலாம். விளிம்பில் நிற்பவனைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். இது எதிரியைப் பார்க்கும் கண்ணையே மாற்றிவிடும். 'இவனை எத்தனை அடி அடிக்கணும்' என்ற யோசனை போய், 'இவனை எப்படி அந்த ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போறது' என்று ஆகிவிடும். தாவுகிற இளவரசனும் வெட்டுகிற இளவரசனும் ஒரே ஆள் என்று அப்போதுதான் நம்பிக்கை வரும்.

மணல் உறிஞ்சும் சடங்கும் போய்விட்டது. எதிரி விழுந்தால் மணல் தானாக வந்து சேரும். சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் சண்டையின் வேகமே இதனால் மாறியது. சாண்ட்ஸில் குனிந்து குறுவாளைக் குத்தும் அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவன் போடுவான் பாருங்கள், அந்தக் கடுப்பு இங்கே இல்லை. எதிரிகளிலும் ரகம் கூடியது. கிட்டே போனால் காக்கைக் கூட்டமாகக் கலைந்து வேறு இடத்தில் முளைப்பவன் ஒருவன். ஓடி வந்து வெடிக்கும் நாய்கள். குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கேமரா அடிக்கடி சொதப்பும். ஒரே இடத்துக்கு இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் மாறி மாறி நடக்கவைத்துக் காலை ஒடிப்பார்கள். பக் தொல்லை தனி. ஆனால் சண்டையை மட்டும் எடைபோட்டால் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இதில் சந்தேகமே வேண்டாம்.

அப்படியிருந்தும், பிடித்த பாகம் எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் சாண்ட்ஸ் என்றுதான் சொல்வார்கள். ஏன்?

1989-ல் முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஆப்பிள் II கணினிக்காக ஏறக்குறைய தனியாளாகச் செய்தவர் ஜோர்டன் மெக்னர். தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹுட் படத்தில் எரால் ஃபிளின் போடும் சண்டைதான் மூலம். சாண்ட்ஸில் அவர் வேலை செய்தார், வாரியர் விதினில் இல்லை. இரண்டாம் பாகம் வந்த பிறகு அதன் வன்முறையும் தோற்றமும் கதையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாண்ட்ஸில் எதிரிகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரண்மனைக் காவலாளிகள், வேலைக்காரர்கள், இளவரசனின் சொந்தப் படைவீரர்கள். முதல் பெரிய சண்டையே மணல் பிசாசாகிவிட்ட அப்பாவோடுதான். இவன் செய்த முட்டாள்தனத்தால் இப்படி ஆனவர்கள். அந்த அலுப்பூட்டும் குறுவாள் குத்து இருக்கிறதே, அது ஒரு வகையில் அவர்களை விடுவிப்பது. தப்பு செய்தவன் ஒவ்வொருவராகக் குனிந்து கணக்குத் தீர்க்கிறான். ஆட்டமாகப் பார்த்தால் இழுவை, கதையாகப் பார்த்தால் சரியான இடத்தில் இருக்கிறது.

வாரியர் விதினில் தலையும் உடலும் தனித்தனியாகப் பறக்கும், கேமரா அதை ஸ்லோமோஷனில் காட்டும். வெட்டப்படுபவன் யார், எதற்கு? யாருக்கும் கவலையில்லை. இளவரசனின் குரலே வேறு. சாண்ட்ஸில் யூரி லோவெந்தால், இதில் ராபின் அட்கின் டவுன்ஸ். முதல் பாகத்தில் ஃபாராவிடம் அசடு வழிந்துகொண்டிருந்த பையன் இதில் எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுகிறான். பின்னணியில் காட்ஸ்மாக் இசைக்குழுவின் கிட்டார் அலறல். பெண் வில்லிகளின் உடையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கொஞ்சம் அதிசயம் என்னவென்றால், இவ்வளவு நல்ல சண்டை வைத்திருக்கும் கேமில் நெஞ்சு படபடக்கும் இடங்கள் எல்லாம் சண்டையே போட முடியாத இடங்கள். தஹாகா வரும்போது திரையின் நிறம் மாறும், இசை மாறும். வாள் செல்லாது, ஓட வேண்டியதுதான். அதற்குத் தண்ணீர் ஆகாது என்பதால் எங்காவது நீர்த்திரை தெரியும்வரை ஓட்டம். நாலு பேரை நாலு விதமாக வெட்டிவிட்டு 'நான்தான் ராஜா' என்று நிற்கிற ஆளை அடுத்த நிமிடமே எலி மாதிரி ஓடவைப்பது நல்ல யோசனை. சண்டை இவ்வளவு பலமாக இல்லாவிட்டால் அந்த ஓட்டம் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அந்தக் கடனையும் கடைசியில் தீர்க்கலாம். தீவில் ஒளித்து வைத்திருக்கும் ஒன்பது உயிர்ச்சக்தி மேம்பாடுகளையும் தேடி எடுத்தால் நீர்வாள் கிடைக்கும். அது இருந்தால் மட்டுமே முடிவில் தஹாகாவோடு மோத முடியும். இல்லாதவர்களுக்கு வேறு சண்டை, வேறு முடிவு. மூன்றாம் பாகமான 'தி டூ த்ரோன்ஸ்' (2005) நீர்வாள் முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆக, அவசரமாக ஓடி முடித்தவர்கள் பார்த்தது நடக்காத கதை. ஹிஹி.

டூ த்ரோன்ஸில் லோவெந்தாலின் குரல் திரும்பி வந்தது, இடது கை ஆயுதங்களும் இருந்தன. கூடவே பின்னால் பதுங்கிப் போய், குறுவாள் மின்னும் நொடியில் பட்டனை அழுத்திச் சத்தமில்லாமல் முடிக்கும் வித்தை வந்தது. சாண்ட்ஸின் மனசும் வாரியர் விதினின் கையும் ஒரே உடம்பில் சேரப் பார்த்தன. முழுதாகச் சேரவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றையும் வரிசையாக ஆட நினைப்பவர்கள் சாண்ட்ஸிலிருந்தே தொடங்குங்கள், வாரியர் விதினை ஆடிவிட்டுத் திரும்பிப் போனால் அந்தச் சண்டையைத் தாங்க முடியாது. லிஃப்ட் வரும்போது குறுவாளில் மணல் நிறைய இருக்கட்டும். ஃபாராவை விட்டுத் தூரப் போகாதீர்கள். கன்ட்ரோலரைச் சுவரில் எறியாதீர்கள்.