மரக்காணத்துக் கழுவேலி

புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்வோரில் பலர் மரக்காணத்தைப் பார்த்தும் பாராதவர்களே! கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் உப்பளப் பாத்திகள் தென்படுகின்றன. வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்திருக்கிறது. அதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. சற்றுத் தொலைவில், தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படும் கழுவேலி பரந்து கிடப்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

இயற்கையின் அற்புதம் என்றதும் நயாகராவும் இமயமும் நம் நினைவுக்கு வருகின்றன. கழுவேலியில் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. அதன் பெருமையெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. ஆலம்பரைக் கோட்டையருகே முகத்துவாரத்தில் புகும் கடல்நீர், நீண்ட கழியோடை வழியாகத் தெற்கே ஏறி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் எதிரே வந்து சேருகிறது. ஆகவே ஒரு பக்கம் உவர்ப்பு, ஒரு பக்கம் நன்னீர், நடுவே இரண்டும் கலந்த நீர். நன்னீரில் சம்பங்கோரை, கழியோரத்தில் அலையாத்தி மரம், அவ்வவற்றுக்கு உரிய மீன், அம்மீனை நாடும் பறவை! மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் இங்கே தங்கி இரை தேடுகின்றன. பூநாரையும் அரிவாள்மூக்கனும் காணக் கிடைக்கின்றன.

பிரான்சு தேசத்தின் காமார்க் பிரதேசத்தை உலகமே அறியும். அங்கே இருப்பவையும் உப்பளமும் கழியும் பூநாரையும்தாம். பிரெஞ்சுக்காரர் அதைப் போற்றினார்கள். நாமோ நம்முடையதை வெறும் சதுப்பு என்று நினைத்தோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கொள்வதும் நம்மில் அநேகருக்குத் தெரியாது.

5,151.6 ஹெக்டேர் பரப்புள்ள கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை அது. பட்டியலில் ஏறியது மகிழ்ச்சிதான். ஆயினும் அலையாத்தி மரங்கள் மெலிந்து கிடக்கின்றன. ஆக்கிரமிப்பும் பறவை வேட்டையும் இவ்வேரிக்கு நெடுநாளைய பிணிகள். ஊரார் அறியாத ஏரிக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

கீர்த்தி வரும்போது உப்பளத் தொழிலாளரை மறந்துவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம். 1930-இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் ஒரு பிடி உப்புக்காகத் தேசமே எழுந்து நின்றது. இங்கோ கண் கூசும் வெயிலில், உப்புநீர் காலை அரிக்க, ஆணும் பெண்ணும் அதே உப்பை வாருகிறார்கள். மழை பிடித்தால் பாத்தி மூழ்கிவிடும், கூலியும் இல்லை. பறவைகள் வந்து இறங்குவது அந்த மாதங்களில்தான்.