ஓமம்

நாங்கள் இருந்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, சுங்கை சிப்புட் பட்டணத்தில் அம்மா முறுக்கு சுட்டு விற்கத் தொடங்கினார். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அவருக்கு ஓர் அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலின் தயவில் விலைப்பட்டியல் தமிழிலேயே ஏறியது. அம்மா அதைப் பக்கத்து வீடெல்லாம் சொல்லி வந்தார்.

அமைப்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். டாட் காம் முகவரியை ஓராண்டுக்குத்தான் எடுத்திருந்தேன். புதுப்பிக்கச் சொன்ன கடிதங்கள், நான் திறப்பதையே விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. பக்கம் மறைந்து இரண்டு மாதமாகியும் எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில்தான் கண்டேன். சாதாரண அவகாசம் கடந்து, முகவரி 30 நாள் மீட்புக் காலத்தில் கிடந்தது. அதைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மீட்கக் கட்டணமோ பல மடங்கு! விடுதிச் சாப்பாட்டுக் காசை எடுத்துக் கட்டினேன்.

வீட்டுக்குப் போனால், தொலைபேசி அழைப்பு குறைந்ததற்குத் தன் கைப்பக்குவமே காரணம் என்று எண்ணி, வாராவாரம் மாவில் ஓமத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார் அம்மா. தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டவில்லை.

"அப்போ ஓமத்தக் கொறைச்சிடலாமாடா?" என்று மட்டும் கேட்டார்.