சண்டையா, சொறியா?

சீமைப் பெருச்சாளி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், நேயர்களே! உங்கள் வீட்டுத் தானியக் குதிரைக் குடைகிற ஆசாமியைப் பற்றி நான் பேச வரவில்லை. இது கொழுகொழுவென்று, வால் இல்லாமல், உள்ளங்கையில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழை தின்னும் பரம சாது.

இங்கிலீஷ்காரர்கள் இதற்குக் 'கினிப் பன்றி' என்று பெயர் வைத்தார்கள். கினி தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பன்றிக்கும் இதற்கும் உறவு இல்லை. சொந்த ஊர் தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைப் பிரதேசம். அங்கே பல ஆயிரம் வருஷங்களாக வீட்டுப் பிராணி. பெரு தேசத்தில் இன்றைக்கும் நாம் கோழி வளர்ப்பது போல் இதை வளர்த்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1882-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் க்ஷயரோகக் கிருமியை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டினாரே, அந்தச் சோதனைகளுக்குத் தன் உடம்பைக் கொடுத்தது இந்தப் பிராணிதான்.

இப்பேர்ப்பட்டவர்கள் இருவர் எங்கள் செம்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். செம்பட்டியை உங்களில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து பழனிக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். ஊரே பாதை பிரிகிற ஊர். ஆனால் கூடப் பிறந்தவர்களைப் பிரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் என் பேரன் ஆசைப்பட்டுக் கேட்டபோது, திண்டுக்கல்லில் அண்ணன் தம்பியாக இரண்டையும் சேர்த்தே வாங்கி வந்தோம். செம்பட்டை நிறத்தவனுக்குத் 'துரை' என்றும், கறுப்பனுக்கு 'ஜமீன்தார்' என்றும் பேரன் பெயர் சூட்டினான்.

ஆறு மாதம் ஒற்றுமை என்றால் அப்படி ஓர் ஒற்றுமை! ஒரே தழையை இரு முனையிலிருந்தும் தின்று கொண்டு வந்து நடுவில் மூக்கோடு மூக்கு முட்டுவார்கள்.

அப்புறம் ஐப்பசி மழையோடு வந்தது வினை. ஜமீன்தார் பக்கத்தில் வந்தால் போதும், துரை 'வீல்' என்று கத்தித் துள்ளுவான். பாய்ந்து துரத்துவான். துரையின் முதுகில் மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. 'தம்பி கடித்துப் பிடுங்குகிறான்' என்று வீடு முழுவதும் ஒரே பேச்சு.

யோசனைகளுக்குப் பஞ்சமா? "ரெண்டு கூண்டு வாங்குங்க, ரெண்டு திண்டுக்கல் பூட்டும் வாங்குங்க!" என்றாள் என் மனைவி. "மாமா, ஒண்ணை வத்தலக்குண்டிலே எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாள் மருமகள். அடுத்த வீட்டுப் பெரியம்மா மண்ணெண்ணெயைத் தடவச் சொன்னார். பேரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் கூண்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

உண்மையைக் கண்டுபிடித்தவன் அவன்தான். "தாத்தா! ஜமீன்தார் தூங்கறப்பவும் துரை சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்!" என்று ஓடி வந்தான்.

போய்ப் பார்த்தேன். நிஜமான சண்டை என்றால் பல்லை நறநறவென்று கடிக்கும். பிடரி மயிர் சிலிர்க்கும். காதிலோ பின்புறத்திலோ பல் பட்ட காயம் இருக்கும். துரையின் உடம்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. தோளிலும் முதுகிலும் தோல் தடித்து, தவிட்டுப் பொடி போல் உதிர்ந்தது. விரலால் தொட்டதும் துடித்தான். பேரனுடைய மணிக்கட்டிலும் சிவப்பாய்ச் சில தடிப்புகள்! அன்று சாயங்காலமே துரைக்கு வலிப்பு மாதிரி உடம்பு வெட்டி இழுத்தது. இருவரையும் ஒரே கூடையில் வைத்துக் கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம்.

மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். எட்டுக்கால் பூச்சி ஒன்று தெரிந்தது. 'டிரிக்ஸகாரஸ் கேவியே' என்று பெயராம். மனிதனுக்குச் சொறி சிரங்கு கொண்டு வரும் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். வெறும் கண்ணுக்குப் புலப்படாது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அந்த அரிப்பு தாளாமல் வலிப்புக் கண்டு செத்துப் போகிறவையும் உண்டு. பாவம், தம்பி மேலே பட்டால் புண்ணில் பட்டது போல் எரிகிறது, துரை பாய்கிறான். நாம் அதைச் சண்டை என்கிறோம்!

எடைக்குத் தக்கபடி 'ஐவர்மெக்டின்' மருந்து கொடுத்தார். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. கண்டுபிடித்த ஒமுரா, கேம்பல் இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து முட்டையைக் கொல்லாது. ஆகவே குஞ்சு பொரிந்து வரும் சமயம் பார்த்து மறுபடியும் கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பது போல் தெரிந்த ஜமீன்தாருக்கும் மருந்து உண்டு. கூண்டை வெந்நீரில் கழுவி, பழைய வைக்கோலைக் கொளுத்தினோம். இந்தப் பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது என்பதால் பேரனின் தடிப்புகள் தாமாகவே அடங்கின.

"என்ன தீனி போடுகிறீர்கள்?" என்றும் வைத்தியர் விசாரித்தார். நம்மைப் போலவே இந்தப் பிராணிக்கும் வைட்டமின் 'ஸி'யை உடம்புக்குள் தயாரித்துக் கொள்ளத் தெரியாது. 1907-ல் நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர் இதற்கும் ஸ்கர்வி நோய் வரும் என்று காட்டினார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் உடம்பு தளரும், பூச்சிக்குக் கொண்டாட்டம். நமக்கென்ன கவலை? ஆயக்குடிக் கொய்யா இருக்கிறதே! பழம் வந்தால் இப்போது முதல் துண்டு துரைக்குத்தான்.

ஒரு மாதத்தில் புது மயிர் பூனை ரோமம் போல் முளைத்தது. அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே தழைக்கு வந்து விட்டார்கள். ஒருவனை வத்தலக்குண்டுக்கு அனுப்பியிருந்தால் பூச்சியும் கூடவே பஸ் ஏறியிருக்கும். கூட்டத்தில் வாழ்கிற இந்த ஜாதிக்குத் தனிமையே ஒரு தண்டனை. சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றையாக வளர்ப்பதே சட்ட விரோதம்!

உங்கள் வீட்டில் இந்தச் சாதுக்கள் இருந்தால் வாரம் ஒரு தடவை மயிரை விலக்கித் தோலைப் பாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். நாய்க்கு வாங்கிய மருந்தும் வேண்டாம். பென்ஸிலின் வகை மருந்துகள் இதன் குடலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். வைத்தியரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பேரனுக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் யார் 'சுள்'ளென்று பேசினாலும், மெள்ளப் பக்கத்தில் போய், "அப்பத்தா, எங்கே அரிக்குது?" என்று கேட்கிறான். கேட்ட மாத்திரத்தில் பாதிக் கோபம் போய்விடுகிறது!