மூடியைத் தொடாதீங்க அப்பா!

போன மாதம் புனேயில் இருந்து மகாபலேஷ்வர் கிளம்பினோம். வாய் (ஊர் பேருங்க!) தாண்டி பசரணி காட் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியில் துணியைச் சுற்றிக் கை வைத்தேன். "தொடாதீங்கப்பா!" மகள் போட்ட சத்தத்தில் கையை எடுத்தேன். இல்லாவிட்டால் முகம் வெந்திருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கூலண்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. மூடி திறந்தால் பீய்ச்சி அடிக்கும்.

ஒரு மணி நேரம், புளியோதரையோடு காத்திருந்தோம். ஆறியபின் பார்த்தால் ரிசர்வ் டப்பா காலி! பேங்கில் தினம் ரிசர்வ் பார்க்கிறவன், இதை ஆறு மாதமாகப் பார்க்கவில்லை.

இன்னொரு தப்பு, 'டி'யிலேயே ஏறியது. நம்ம ஆட்டோமேட்டிக்கில் கியர் ஆயிலின் சூடும் ரேடியேட்டர் வழியாகத்தான் போகணும். ஏற்றத்தில் ஊர்ந்தால் டார்க் கன்வர்ட்டர் ஆயிலைக் காய்ச்சிவிடும். அங்கே '2' அல்லது 'எல்' போடணும். இறக்கத்திலும் அப்படியே, பிரேக் காயாது.

மகளுக்கு ஸ்ட்ராபெரி கிரீம் இரண்டு கப் வாங்கித் தந்தேன். அது வெறும் வட்டிதான், அசல் அப்படியே நிற்கிறது!