வெள்ளைக் காக்கையும் அபூ உமைரின் சிட்டும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் காரைக்கால் மதரஸாக்களில் ஆறு, ஏழு வயது ஆண்பிள்ளைகளின் வரிசையில் ஆங்காங்கே இடம் காலியாகும். "அவனுக்கு சுன்னத் வச்சிருக்காங்க ஹஜ்ரத்" என்று பக்கத்திலிருப்பவன் சொல்வான். சில வாரங்களில் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள். காயம் ஆறியிருக்கும். ஆனால் அவர்களில் சிலரது மனத்தில் வேறொன்று ஆறாமல் கிடப்பதை, ஓதிக் கொடுக்கும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வலியைப் பிள்ளைகள் விரைவில் மறந்துவிடுகிறார்கள், ஏமாற்றப்பட்டதை மறப்பதில்லை.

நம் தலைமுறையில் பலருக்கும் சுன்னத் வீட்டிலேயே நடந்தது. புத்தாடை, தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை, வசதியுள்ள வீடென்றால் குதிரை ஊர்வலம். மாப்பிள்ளையைப் போல் அழைத்து வந்து, கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் அமர்த்துவார்கள். தாய்மாமா பின்னாலிருந்து கைகளைப் பிடித்துக்கொள்வார். சுற்றி நிற்போர் உரத்த குரலில் ஸலவாத் ஓதுவார்கள். "அதோ பார், வெள்ளைக் காக்கா பறக்குது!" என்பார் நாவிதர். பிள்ளை அண்ணாந்து பார்க்கும் நொடியில் வேலை முடிந்திருக்கும்.

இந்த வழக்கத்தைப் பார்த்து இன்று சிரிக்கிறோம். ஆயினும் நம் முன்னோர் ஓர் உண்மையை அறிந்திருந்தார்கள். குழந்தையின் கவனம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். அதை வேறு பக்கம் திருப்பினால் அச்சம் தணியும். ஊர்வலமும், உறவினர் கூட்டமும், கையில் திணிக்கப்பட்ட பணமும் அதற்காகவே இருந்தன. அந்த ஏற்பாட்டில் பழுது ஒன்றே ஒன்றுதான்: காக்கை வெள்ளையாக இருக்கவில்லை.

மருத்துவ உலகமும் இவ்வழியை ஆராய்ந்துள்ளது. இத்தாலியின் புளோரன்ஸ் நகர மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வந்த 5 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் பெற்றோருடன் மட்டும் மயக்க மருந்து அறைக்குச் சென்றார்கள். மற்றவர்களுடன் வேடிக்கை காட்டும் கோமாளிகளும் சென்றார்கள். கோமாளிகளோடு சென்ற குழந்தைகளிடம் பதற்றம் தெளிவாகவே குறைந்திருந்தது. குழந்தைகளுக்கு இது நன்மைதான் என்று ஒப்புக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களில் பெரும்பாலோர், தங்கள் வேலைக்கு இடையூறு என்று கூறி இத்திட்டம் தொடர்வதை விரும்பவில்லை என்பதும் அவ்வாய்விலேயே பதிவாகியுள்ளது. நம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் 'தி லிட்டில் தியேட்டர்' நாடகக் குழுவினர் கோமாளி வேடத்தில் சென்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் கேளிக்கையன்று. மிகுந்த அச்சத்தோடு மயக்கத்தில் ஆழும் குழந்தை, வீடு திரும்பிய பிறகும் கெட்ட கனவு கண்டு அலறலாம், படுக்கையை நனைக்கலாம், உம்மாவை விட்டு நகர மறுக்கலாம். சுன்னத் மட்டுமல்ல, டான்சில், குடலிறக்கம் என்று எந்த அறுவைக்குச் செல்லும் ஆண், பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே பிள்ளையின் கவனத்தைத் திருப்பலாமா என்பதில் ஐயமில்லை. எதைச் சொல்லித் திருப்புவது என்பதே கேள்வி. இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இரண்டு நிகழ்வுகள் நமக்கு வழிகாட்டுகின்றன.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் வளர்த்த சிட்டுக்குருவி இறந்துபோனது. வாடிய முகத்தோடு இருந்த அப்பிள்ளையிடம், உன் சிட்டு என்ன ஆயிற்று என்று எதுகை நயத்தோடு விளையாட்டாகக் கேட்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். எந்தத் துயரத்தால் பிள்ளை வாடியதோ, அதன் பெயரைச் சொல்லியே விளையாடினார்கள். அதை மூடி மறைக்கவில்லை.

மற்றொன்று அபூதாவூத் நூலில் வருவது. ஒரு தாய் தம் சிறுவனை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்னும் கருத்தில் அழைத்தார். என்ன தர எண்ணியிருந்தாய் என்று நபியவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காதிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள் நபியவர்கள். குழந்தையிடம் சொல்லும் சிறு பொய்யும் பொய்தான்.

நம்மிடம் ஓதிய ஒரு மாணவனைக் கடற்கரைக்கு என்று சொல்லி வீட்டிலிருந்து அழைத்துச் சென்றார்கள். வண்டி மருத்துவமனை வாசலில் நின்றது. நான்கு பேர் பிடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்களாம். பல மாதங்களுக்குப் பிறகு, அவனுடைய வாப்பா சீக்கிரமாக அழைத்துப் போக மதரஸா வாசலுக்கு வந்திருந்தார். அவன் எழவில்லை. நம் அருகே வந்து, "நெசமாவே வீட்டுக்குத்தானா, கேட்டுச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றான். வாசலில் நின்ற தந்தையின் காதில் அது விழுந்தது. அவர் தலை குனிந்துகொண்டார்.

மற்றொரு மாணவனுக்குக் குடலிறக்க அறுவை. அவனுடைய உம்மா துஆச் செய்ய அழைத்து வந்தார். "வலிக்குமா ஹஜ்ரத்?" என்று அவன் கேட்டபோது, "ஊசி குத்தும்போது சுருக்கென்று வலிக்கும். பிறகு தூங்கிவிடுவாய். விழித்த பின் கொஞ்ச நாள் வலி இருக்கும், மருந்து தருவார்கள்" என்றோம். முகத்தில் மூடி வைத்து மயக்கம் தருவதும் உண்டு என்பதால், பலூன் ஊதி விளையாடி, மூச்சை இழுத்துவிடவும் பழக்கினோம். சுலைமான் நபி (அலை) அவர்களின் பறவைப் படையில் ஹுத்ஹுதைக் காணோம் என்பது வரை கதை சொல்லி நிறுத்தினோம். மீதியைக் கண் விழித்ததும் உம்மா சொல்வார் என்று பேச்சு. அறுவை அரங்கின் கதவுவரை, பறவை எங்கே போயிருக்கும் என்று அவன் ஊகித்துக்கொண்டே போனதாக அவர் கூறினார். மயக்கம் தெளிந்ததும் ஹுத்ஹுதைத்தான் கேட்டானாம். அவரும் சொன்ன சொல் தவறாமல் கதையை முடித்தார்.

இதற்குச் செலவேதும் இல்லை. ஆறு, ஏழு வயதைக் கடந்த பிள்ளைக்குச் சில நாட்கள் முன்பும், அதற்கும் சிறிய பிள்ளைக்கு முன்தினமும் உண்மையைச் சொல்லலாம். மயக்க மருந்துக்குமுன் திட உணவை 6 மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம்; மருத்துவர் சொல்லும் நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பசியில் அழும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் நுரையீரலுக்குள் சென்று ஆபத்தாகலாம். அந்தக் காத்திருப்பில்தான் விளையாட்டு பெரிதும் உதவும். பொம்மைக்குக் கட்டுப் போடலாம், விடுகதை சொல்லலாம், கைப்பேசியில் பிடித்த விளையாட்டையும் கொடுக்கலாம். அறுவை அரங்குக்குள் பெற்றோரை விடாத இடங்களில், கதவருகே பிரியும் நொடியே கடினமானது. ஆகவே கையிலுள்ள நல்ல கதையை அந்த நொடிக்கென்று வைத்திருங்கள். உறவினர்கள் சுற்றி நின்று அழுவதைத் தவிர்ப்போம். பெரியவர் முகத்தைப் பார்த்தே பிள்ளை அஞ்சுகிறது. "சேட்டை செய்தால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என்னும் மிரட்டலை இன்றோடு நிறுத்துவோம்.

பிள்ளைகள் நமக்கு அமானிதம். அவர்கள் நம் சொல்மீது வைக்கும் நம்பிக்கையும் அமானிதமே. மறுமையைப் பற்றியும் சொர்க்கத்தைப் பற்றியும் நாளை நாம் சொல்லப்போவதை அவர்கள் நம்ப வேண்டும் எனில், இன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் நாம் சொல்வது மெய்யாக இருக்கட்டும்.

நோயுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. அவர்களுடைய அச்சத்தை நீக்க நம் நாவுகளில் மென்மையையும் வாய்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.